அட்டைச் சுவர்கள் இரண்டு

கிளேபாங் ஊரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் என் பட்டறை இருக்கிறது. வீடமைப்பு நிறுவனங்கள் விற்பனைக் கூடத்தில் கண்ணாடிக்குள் வைக்கும் சின்னச் சின்ன மாதிரிக் கட்டடங்களைச் செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் தனியாகத்தான் வேலை.

போன வருடம் ஒரு மழை நாள் மத்தியானம், நடுவயதுத் தம்பதி மீ நூடுல்ஸ் வந்த ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். புலாவ் செபாங்கிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். கணவர் லோரி ஓட்டுநர். அந்த அம்மா பள்ளிக் கேன்டீனில் சமைப்பவர்.

"தம்பி, பாதி கட்டுன கட்டடத்த முடிச்சுக் குடுப்பீங்களா?" என்றார் அந்த அம்மா.

"நான் கொத்தனார் இல்லீங்கக்கா" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்தார். உள்ளே வெள்ளை அட்டையில் பாதி எழுந்து நின்ற ஒரு கட்டடம். பக்கத்தில் வெட்டுக்கத்தி, இரும்பு அடிக்கோல், இடுக்கி, காய்ந்துபோன பசை டியூப், சுருட்டிய வரைபடம்.

"எங்க மக செஞ்சது. கட்டடக்கலை படிச்சா, கடைசி வருஷம். டெங்கி வந்து அஞ்சே நாள்ல…"

கணவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலேஜ்ல குடுக்கணுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இல்ல லா. வீட்டுல வைக்கத்தான்."

அது புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் கற்பனை செய்த ஒரு நூலகம். வரைபடத்தில் அளவுகள் அத்தனை துல்லியம். நிஜக் கட்டடத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. விற்பனைக் கூட வேலைகளை ஒதுக்கிவிட்டு அதில் உட்கார்ந்தேன். இலேசான பால்சா மரத்தைச் சீவி முப்பத்திரண்டு படிகள் செய்தேன். மெல்லிய அக்ரிலிக் தகட்டில் கோடு கீறி, உடைத்து, சன்னல்களில் பொருத்தினேன். கூரைக்கு வரிவரியான அட்டை. கம்பியை முறுக்கி, கடற்பஞ்சைக் கிள்ளி ஒட்டி, வாசலில் இரண்டு மரம் நட்டேன்.

எல்லாம் முடிந்ததும், அவள் செய்திருந்த முன்பக்கச் சுவர்கள் இரண்டும் என் கண்ணை உறுத்தின. கத்தி வழுக்கி விளிம்பு பிசிறியிருந்தது. சன்னல் ஓட்டை கொஞ்சம் கோணல். மூலையில் பசை வழிந்து மஞ்சளாகியிருந்தது. கீழே பழுப்பாக ஒரு கறை, தேத்தண்ணி சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். என் வேலைக்குப் பக்கத்தில் அது அசிங்கமாகத் தெரிந்தது. இப்படிக் கொடுக்க மனம் வரவில்லை. மெல்லிய கத்தி அலகை நுழைத்துச் சுவர்களைப் பெயர்த்தேன். புதிதாக வெட்டி ஒட்ட அரை மணி நேரம் ஆனது. பழையவை குப்பைக்குப் போயின. அன்றைக்கு எனக்கு மிகுந்த திருப்தி. அதை மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். அந்த அம்மா குனிந்து, வாசலுக்கு நேராகக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்சுவரை விரலால் தடவினார்.

"இங்க ஒரு கற இருந்துச்சே தம்பி?"

"சுவர் சரியில்லக்கா. புதுசா மாத்திட்டேன்."

"அது அவ ரத்தம்." குரல் உயரவில்லை. "கத்தி விரல்ல பட்டுடுச்சு. வீடியோ கால்ல காட்டிச் சிரிச்சா. பிளாஸ்டர் போடுடின்னு நான்தான் ஏசுனேன்."

பின்சந்துக் குப்பைத்தொட்டிக்கு ஓடினேன். குப்பை லோரி இரண்டு நாளுக்கு முன்பே வந்து போயிருந்தது. தெரிந்தும் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது கணவர், "அவருக்கு எப்படிம்மா தெரியும், விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மிச்சத்துல எது எது அவ செஞ்சது?" என்று அந்த அம்மா கேட்டார்.

காட்டினேன். தரை, பின்சுவர், ஒரு வரிசைத் தூண்கள். நான் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். "மறந்துடுவேன், குறிச்சுக் குடுங்க" என்றார். வரைபடத்தில் அந்த இடங்களைப் பென்சிலால் நிரப்பிக் கொடுத்தேன். அடிக்கோல் வைக்காமல் நிரப்பியதில் கோடுகள் வெளியே போயின.

காரின் பின்சீட்டில் கட்டடத்தை வைத்தோம். அந்த அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டார். கார் மெதுவாகப் போனது.

சில மாதங்கள் கழித்து, தம்பின் என்ற ஊருக்கு ஒரு மாதிரிக் கட்டடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும் வழியில் புலாவ் செபாங் நிலையத்தருகே வேனை நிறுத்தினேன். அவள் நூலகத்துக்கு வரைந்திருந்த இடத்தில் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன ஊர், அந்தத் தம்பதியின் வீட்டை விசாரித்தால் யாராவது காட்டியிருப்பார்கள். நான் விசாரிக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வேனை எடுத்தேன்.