பதினொரு மணிக் கணக்கு

என் அக்காவின் கணவரான மாமாவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் மோட்டார் சங்கத்தில் உட்கார்ந்து, கார்க்காரர்களுக்காக இருபத்துமூன்று வருடம் மனு எழுதியவர். சுங்கச்சாவடிக் கட்டணமோ பெட்ரோல் வரியோ, உறுப்பினர்களின் வயிற்றெரிச்சலை நாலே பக்கத்தில் இறக்கி வைப்பார். போக்குவரத்துத் துறையும் பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். நானும் அதே சங்கத்தில்தான் இருக்கிறேன். நடுவழியில் நின்றுபோன கார்களைக் கட்டி இழுத்துவரும் வண்டிக்கு டிரைவர். அவர் சிபாரிசில் கிடைத்த வேலை. அதனால் கேட்க வேண்டியதைப் பல நாள் கேட்காமல் விட்டேன்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் எழுத்தில் இல்லை, எண்ணுவதில் இருந்தது. ஒவ்வொரு மனுவோடும் ஒரு மணி நேரம் நேரில் எடுத்த கணக்கை இணைப்பது சங்கத்தின் வழக்கம். எந்த மணி என்று யாரும் கேட்பதில்லை. சுங்கச்சாவடியில் நெரிசல் என்று காட்ட வேண்டுமா, காலை ஒன்பதுக்குப் போய் நிற்பார். காலியாகக் கிடக்கிற இடத்தில் வண்டி நிறுத்த எதற்குக் கட்டணம் என்று கேட்க வேண்டுமா, ஞாயிறு மதியம் போவார்.

"பொய் ஒண்ணுகூட எழுதினதில்ல மாப்ளே. நேரத்த மட்டும் பாத்து எடுப்பேன்" என்பார், பெருமையாக.

போன வருடம் சங்கத்து வாசல் ரோட்டில் பஸ்ஸுக்கென்று மஞ்சள் கோடு போட்டுத் தனித் தடம் ஒதுக்கினார்கள். கார்கள் ஒற்றை வரிசையில் ஊர்ந்தன. பெட்ரோல் வீணாகிறது, கடை வாசலில் நிறுத்த இடமில்லை என்று உறுப்பினர்கள் செயலாளரைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் மாமாவைக் கூப்பிட்டு, "அந்தத் தடம் போகணும். உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

மாமா மாடி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. ஆபீஸ் கூட்டம் வடிந்து, பள்ளிக்கூடம் விடாத நேரம். ஆறு பஸ் போயிற்று. சராசரி நாலு பேர்.

மூன்றாவது பஸ்ஸில் அக்கா இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது; வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பன்னிரண்டரைக்கு அவள் முறை. கூட்டமில்லாத பஸ்ஸில் உட்கார்ந்து, அலுங்காமல், தடம் வந்த பிறகு கால் மணியில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். மாடி ஜன்னலில் அவரைப் பார்த்துக் கையாட்டினாளாம். அவரும் ஆட்டிவிட்டு, அவளையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா போற பஸ்ஸு மாமா அது" என்றேன்.

"பஸ்ஸையா எடுக்கச் சொல்றேன்? கோட்டத்தான அழிக்கச் சொல்றேன். பத்து நிமிஷம் லேட்டா போகும், அவ்வளவுதான்."

துறை இந்த முறை அவரையே மிஞ்சிவிட்டது. கோட்டை அழித்தது. கூடவே, நாலு பேருக்கு எதற்கு ஒரு பஸ் என்று, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை அந்த ரோட்டில் பஸ்ஸையே நிறுத்திவிட்டது. சங்கத்தில் மாமாவுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. நானும் கைதட்டினேன், வெட்கங்கெட்டவன்.

அதன் பிறகு அக்கா ஒன்பதரை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள். ஆஸ்பத்திரி நடையில் இரண்டரை மணி நேரம் காத்துக் கிடந்தாள். திரும்பும்போது ஆபீஸ் விட்ட கூட்டம்; அதிலும் நின்றபடிதான். டாக்ஸிக்குக் கொடுத்தால் மாமாவின் சம்பளத்தில் பாதி போய்விடும். நான் ஓட்டும் சங்கத்து வண்டியில் இரண்டு தடவை ஏற்றிப் போனேன். மூன்றாவது தடவை செயலாளர் பார்த்துவிட்டார். வேலை தப்பியதே பெரிய விஷயம்.

பகல் பஸ்ஸைத் திரும்பக் கேட்டுச் சங்கத்தின் பெயரில் ஒரு மனு அனுப்பலாமா என்று மாமா போய் நின்றார். செயலாளர் எழுந்து நின்று, மரியாதையாகவே சொன்னார்: "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டம்மா நம்ம மெம்பர் இல்லியே."

மெம்பராவதற்குக் கார் வேண்டும்.

கடைசியில் மாமா தன் சொந்தப் பெயரில் எழுதினார். ஊருக்கெல்லாம் அரை நாளில் எழுதித் தள்ளியவருக்கு இதற்கு மூன்று நாள் பிடித்தது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்காதான் பிரித்து, எங்கள் இருவருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"மேற்படி நேரத்தில் பயணிகள் மிகக் குறைவு என்பது, மனுதாரரே நேரில் எடுத்துக் கையெழுத்திட்ட கணக்கின் மூலம் உறுதியாகியுள்ளது. எனவே கோரிக்கையை ஏற்க இயலாது."

அவள் தாளை மேசையில் வைத்தாள். "அந்த நாலு பேர்ல நான் உண்டா?"

"உண்டு. ஒருத்தரையும் விடாமத்தான் எண்ணினேன்" என்றார் அவர்.

அக்கா தாளை எடுத்து நாலாக மடித்தாள். பிறகு, "ஆஸ்பத்திரில வாரத்துக்கு ரெண்டு நாள் போதும்னு சொல்லிடறேன். வெள்ளிக்கிழம வேணாம். என்னால நிக்க முடியல" என்றாள்.

ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமா அந்தத் தாளை ஃபைலில் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, புதிய பார்க்கிங் கட்டணத்துக்கு எதிராக மாமா கணக்கெடுக்கப் போயிருந்தார். அக்கா வீட்டில் இரண்டு காலும் வீங்கிப் படுத்திருந்தாள்.