இரும்புக்கடை மருமகளும் இருபத்து நான்கு தகடுகளும்

முல்லா வீதி இரும்புக்கடை கரீம் வீட்டுக்கு ரமீஜா மருமகளாக வந்தது 1957 மே மாதம். ஜூலையில் புருஷன் சிராஜுதீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன்; அது போதாதாம், எம்.இ. படிக்க வேண்டுமாம். இரண்டு வருஷப் படிப்பு. புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஒருவன் இப்படிப் போவானா என்று கேட்டால், போனான். ரமீஜா அழவில்லை. மாமியார் இல்லாத வீடு, அழுதால் மாமனார் எதிரில்தான் அழ வேண்டும் என்ற வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

பிப்ரவரியில் நாலு நாள் லீவில் வந்தான். வந்தவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட மொட்டைமாடியில் நின்ற நேரம்தான் அதிகம். உள்ளங்கை அகலத்தில் இருபத்து நான்கு இரும்புத் தகடுகள் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருந்தது. மரச்சட்டம் அடித்து, கடலைப் பார்த்தாற்போல் சாய்த்து நிறுத்தி, அவற்றை வரிசையாக மாட்டினான். கடற்காற்று இரும்பை எத்தனை நாளில் எவ்வளவு அரிக்கிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. மாசம் பிறந்தால் இரண்டு தகட்டைக் கழற்றி, மெழுகுத்தாளில் சுற்றிப் பார்சல் அனுப்புவது ரமீஜாவின் வேலை.

“தொடைக்கக் கூடாது, எண்ணெ தடவக் கூடாது. அது பாட்டுக்குத் துருப் பிடிக்கணும்,” என்றான்.

“பிடிச்சு முடிஞ்சா?”

“நான் எழுதி முடிச்சுடுவேன். ஊருக்கு வந்துடுவேன்.”

அந்த ஒரு பேச்சைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றதெல்லாம் காதில் விழுந்ததோடு சரி.

புதன்கிழமைதோறும் கடிதம் வரும். மழை பெய்ததா, ஏழாம் நம்பரில் புள்ளி விழுந்ததா, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. அடியில் இடம் மிச்சமிருந்தால் ‘நீ நலம்தானே’ என்று ஒரு வரி. சில புதன்கிழமை அதுவும் கிடையாது, பரீட்சை என்பான். இந்த மனுஷனுக்கு இருபத்தைந்தாவது தகடாகப் பிறந்திருந்தால் தவறாமல் விசாரித்திருப்பான் என்று ரமீஜாவுக்கு ஆத்திரம் பொங்கும். ஆத்திரம் அடங்கினால் ஏக்கம். அவனைப் பார்க்க வேண்டும் போல் இருக்கும்; அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை.

வம்பாக்கீரப்பாளையத்துப் பச்சையம்மாள் தினமும் மீன் கொண்டுவருவாள். மார்ச்சில் ஒருநாள் ரமீஜா அவளை வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

“அக்கா, நாளைக்கு வரப்போ ஒரு தூக்கு கடல் தண்ணி கொண்டாறியா?”

“எதுக்கும்மா?”

“கால் வலிக்கு.”

“புருஷன் ஊர்ல இல்லாத பொண்ணுக்கு எங்கெங்கயோ வலிக்கும். காலுதானா?” என்று சிரித்தாள் பச்சையம்மாள். சிரித்தாலும் மறுநாள் கொண்டுவந்தாள்; அதன் பிறகும் கேட்டபோதெல்லாம் கொண்டுவந்தாள்.

ரமீஜா மாடிக்குப் போய் வரிசை முழுக்க ஒரு சொம்பு ஊற்றினாள். சீக்கிரம் துருப் பிடித்தால் சீக்கிரம் வந்துவிடுவான். இரும்புக்கடையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு உப்புத்தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் ஊற்றினாள் என்று நினைக்க வேண்டாம். மனசு கேட்காத நாளில் மட்டும் ஊற்றினாள்.

அக்டோபரில் மாமனார் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டே கடையிலிருந்து வந்தார். மகனுடைய ப்ரொபசரை அவர் ஷெஃப் என்றுதான் சொல்வார்; பிரெஞ்சில் மேலதிகாரி என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போய் நாலு வருஷமாகியும் அந்தச் சொல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

“அவனோட ஷெஃப் அசந்து போயிட்டாராம்மா. நம்ம ஊரு காத்து மாதிரி இரும்பைத் திங்கிற காத்து எந்தக் கரையிலும் இல்லியாம். டிசம்பர்ல கல்கத்தா மாநாட்டுல இவன் பேசப் போறான். எம்.இ.யோட நிறுத்தாத, டாக்டர் பட்டத்துக்கே பண்ணுன்னு சொல்லிட்டாராம். இன்னும் மூணு வருஷம். புதுசா நாப்பத்தெட்டு தகடு அனுப்புறானாம்.”

ரமீஜாவுக்குப் புரிந்துவிட்டது. சீக்கிரம் வரட்டும் என்று ஊற்றிய தண்ணீர் மூன்று வருஷத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டதே. சொன்னால் அவன் எட்டு மாத உழைப்பு பாழ், ப்ரொபசர் முன்னால் தலைகுனிவு, தன்னை இனி ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். சொல்லாவிட்டால் கல்கத்தாவில் பெரியபெரிய ஆட்கள் நடுவே தூக்குத் தண்ணீரைக் காற்று என்று சொல்லி நிற்பான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எழுதினாள். ‘அது காற்று இல்லை. நான் ஊற்றிய கடல் தண்ணீர். நீங்கள் சீக்கிரம் வர வேண்டும் என்று ஊற்றினேன். மாநாட்டில் பேசாதீர்கள்.’

பதில் ஐந்தே வரி. அன்புள்ள என்றுகூட இல்லை. ‘ப்ரொபசரிடம் சொல்லிவிட்டேன். மாநாடு இல்லை. எந்தெந்த நாள் ஊற்றினாய், எந்த நேரம், எவ்வளவு? நினைவிருந்தால் கோடு போட்டு மூன்று பத்தியாக எழுதி அனுப்பு. சரியாக இருந்தால் கொஞ்சமாவது தேறும். இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.’

நினைவிருந்தாலா? நாற்பத்தொரு தடவை, ஒன்றுகூட மறக்கவில்லை. கோடு போட்டு எழுதினாள். தேதி, நேரம், அளவு. எழுதிக்கொண்டே வந்தவள், ஓரத்தில் இடம் இருக்கவே நாலாவதாகவும் ஒரு பத்தி போட்டாள். ஏப்ரல் 21, காலை, இரண்டு சொம்பு: நோன்புப் பெருநாள், எல்லார் வீட்டிலும் ஆம்பிளைகள் தொழுதுவிட்டு வந்தார்கள். மே 14, மத்தியானம், ஒரு சொம்பு: கல்யாண நாள், கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஜூன் 9, சாயங்காலம், அரைச் சொம்பு: காய்ச்சல், மேலே ஏற முடியவில்லை, ஆனாலும் ஏறினேன். ஜூலை 2, சாயங்காலம், ஒரு சொம்பு: உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தேன், சட்டென்று வரவில்லை. இப்படியே நாற்பத்தொன்றும்.

அனுப்பிய ஆறாம் நாள் மத்தியானம் சிராஜுதீன் வாசலில் வந்து நின்றான். வருகிறேன் என்று தந்திகூட இல்லை. வாப்பாவுக்கு சலாம் சொல்லிவிட்டு நேரே மாடிக்கு ஏறினான்.  திட்டினால் திட்டட்டும் என்று ரமீஜா பின்னாலேயே போனாள். அவன் தகடுகள் பக்கம் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து அவள் எழுதிய காகிதத்தை எடுத்தான். மடித்து மடித்து அது நைந்து போயிருந்தது.

“மூணு பத்தியை வச்சுக் கணக்குப் போட்டாச்சு. பாதி தேறும். மீதிக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும்,” என்றான். காகிதத்தின் ஓரத்தில் விரலை வைத்தான். “நாலாவது பத்தி நான் கேக்கலியே.”

“கேக்கல,” என்றாள் ரமீஜா. “கேட்டிருக்கணும்.”

சிராஜுதீன் அந்த வெயிலிலேயே தரையில் உட்கார்ந்தான். காகிதத்தை முழங்காலில் விரித்தான்.

“சரி. இப்ப கேக்கறேன். மொத வரியிலேர்ந்து சொல்லு.”

அவள் எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கீழேயிருந்து மாமனார் சாப்பிட வரச்சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.