கைத்தடியை வாங்கிக்கொண்ட வீடு

ஞாயிறு காலை 10.20. டோர்செட் பார்க்கில் இருக்கும் எங்கள் கட்டடத்திலிருந்து அஜக்ஸ் நகருக்கு, கார் மீட்டர்படி இருபத்தேழு கிலோமீட்டர். கொண்டுபோன இனிப்புப் பெட்டி பதினெட்டு டொலர்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? ஒம்பதாம் வகுப்போடை நிண்ட ஆள் வெள்ளைக்காரற்றை சண்டைக்குச் சமாதானம் பேசப் போறாராம்!” என்று மனைவி வாசலில் சிரித்தாள்.

“பேசேல்லை. கார்தான் ஓடுறன்.”

பின்சீட்டில் எண்பத்தேழு வயது பெசிம், அல்பேனியர். பக்கத்தில் அவர் மகள் திரீத்தா, என்னோடு பேக்கரியில் வேலை. உலகப் போரில், ஜெர்மன்காரன் நாட்டுக்குள் இருக்கும்போதே, அவர்கள் ஊரில் தேசியவாதிகளும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களும் ஆளையாள் சுட்டிருக்கிறார்கள். தேசியவாதியான பெசிமின் அண்ணனைச் சுட்ட கெரில்லாவின் மகன் ஸ்கெந்தர்தான் அஜக்ஸில் இருக்கிறார். சாகுமுன் அந்த வீட்டில் ஒரு கோப்பி குடிக்க வேண்டும் என்று பெசிம் சொல்லியனுப்ப, வரலாம் என்று மட்டும் பதில் வந்தது. கோப்பி தருவதாகச் சொல்லவில்லை. அவர்கள் வழக்கப்படி, எந்தப் பக்கமும் சேராதவன் முன்னால் போக வேண்டுமாம். அதற்குத்தான் நான். 401 நெடுஞ்சாலையில் ஒவ்வொரு ட்ரக்கும் எங்களைத்தான் இடிக்க வருவதுபோல இருந்தது.

10.55. கதவைத் திறந்த ஸ்கெந்தரும் கிழவர்தான். கை கொடுக்கவில்லை. பெசிம் தன் கைத்தடியை இரண்டு கையாலும் நீட்டினார். ஸ்கெந்தர் அதை வாங்கிச் சுவரில் உயரமாக மாட்டினார். ஐயோ, கிழவர் விழுந்தால்? நான் எடுக்கப் பாய்ந்தேன். திரீத்தா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதில் எனக்கு விளங்கியது இதுதான்: “தொடாதேங்கோ! முந்தி விருந்தாளி வாசலிலை தான் சுடுற துவக்கைக் குடுப்பான். வாங்கினா, அவன்ரை உயிருக்கு வீட்டுக்காரன் பொறுப்பு.”

ஸ்கெந்தர் தன் கையாலேயே கோப்பி கொண்டுவந்தார்.

“உன் அண்ணனுக்கு அப்போது என்ன வயது?” என்று அவர் கேட்டதைத் திரீத்தா என் காதில் சொன்னாள்.

“பத்தொன்பது.”

“என் அப்பாவுக்கு இருபது.”

இருவரும் குடித்தார்கள். கோயிலில் நிற்பதுபோல நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். போகும்போது ஸ்கெந்தர் பெசிமுக்குத் தன் தோளைக் கொடுத்து, கார் வரை நடத்திவந்து, அதன்பிறகுதான் தடியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஊரில் எங்கள் போராளி இயக்கங்களும் ஒன்றையொன்று சுட்டன. எங்கள் கட்டடத்திலேயே ஒருவர் இருக்கிறார். என் தமையனின் இயக்கத்தைச் சுட்ட இயக்கத்துக்காரர். அவர் நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன், இருபது வருடமாக. வாசலில் இன்னதை நீட்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட் திறந்தது. உள்ளே அவர். ஏறினேன்.

“எத்தினையாம் மாடி, அண்ணை?” என்று கேட்டேன், தெரியாதவன்போல.

“பதினொண்டு” என்றார்.

அந்தப் பட்டனை அமத்திவிட்டேன்.