அம்மா படமெடுக்கப் பழகியது

எங்கள் அம்மா கடம்பூரை அடுத்த ஒரு கரிசல் கிராமத்தில், பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்கள். கோவில்பட்டியில் சிறிய ஸ்டுடியோ வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், பாஸ்போர்ட் படங்களை நறுக்கி உறையில் போடுவதுதான் அவர்கள் வேலை. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா திடீரென்று காலமானார்கள். கடையை விற்றுவிடச் சொன்னார்கள் உறவினர்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். காரியம் முடிந்த மறுவாரம் கடையைத் திறந்தார்கள்.

படமெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் கயத்தாறு ஜெயா அத்தை. சொந்தமில்லை, அம்மாவை மதினி என்றதால் எனக்கு அத்தை. கல்யாண வீடுகளில் படமெடுப்பவர், அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார். தொடக்கத்தில் அம்மாவின் படங்களில் எல்லோரும் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார்கள். ஒருநாள் அத்தை அம்மாவின் கையிலிருந்து கேமராவை வாங்கி வைத்துக்கொண்டார்.

"மதினி, நீங்க வெளிச்சத்தத்தான் பாக்குதீங்க, வந்தவிய மொகத்தப் பாக்கல. இன்னைக்கு எடுக்காண்டாம். சும்மா பேசிக்கிட்டு இருங்க."

அன்று வந்திருந்தது தீப்பெட்டி ஆபீசில் வேலைபார்க்கும் ஒரு பெண். அம்மா அவரோடு வெகுநேரம் பேசினார்கள். மறுநாள் அவராகவே படம் எடுத்துக்கொள்ளத் திரும்பி வந்தார். தெற்றுப்பல்லை மறைக்காமல் அவர் சிரிக்கும் அந்தப் படத்தைத்தான், தாம் எடுத்த முதல் படம் என்று அம்மா சொல்வார்கள். பிறகு கல்யாண வீடுகளில் மேடையை விட்டிறங்கி, பந்தியில் இலை எடுப்பவர்களையும் எடுத்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். தான் சொல்லித் தராததையெல்லாம் மதினி எடுப்பதாக அத்தை பெருமைப்பட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன் சர்க்கரை நோயால் அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. என்னுடையதைத் தர முன்வந்தேன். எனக்கும் சர்க்கரை இருப்பதால் எடுக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். ஜெயா அத்தையும் தன்னுடையதைத் தர வந்து நின்றார். இரத்த வகை சேரவில்லை. வாரம் இருமுறை திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தோம். அதற்காக அறுவை செய்து இரத்தக்குழாய்களை இணைத்திருந்த இடது கையால் கனம் தூக்கக் கூடாதாம். கேமராவைத் தாங்கிய கை அதுதான்.

கடந்த ஐப்பசியில் திரும்பி வரும்போது, கயத்தாறு தாண்டி வண்டியை நிறுத்தச் சொன்னார்கள் அம்மா. மழை விட்டிருந்தது. விதைப்பு முடிந்து கரையேறிய பெண்ணொருத்தி, காலில் அப்பிய கரிசலைக் குச்சியால் வழித்தபடி எதற்கோ சிரித்தாள். நான் கேமராவைப் பிடித்தேன். "இப்ப" என்றார்கள் அம்மா. நான் அழுத்துவதற்குள் அவள் குனிந்துவிட்டாள்; உச்சந்தலைதான் படத்தில் விழுந்தது.

அம்மா கோபப்படவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்மேல தப்பில்லட்டி. எனக்குத் தெரியுதத ஒன் வெரலுக்கு நான் எப்படிச் சொல்ல?"

அடுத்த வாரம் அம்மா போய்விட்டார்கள்.

நேரங்காலம் பாராமல் வண்டி ஓட்டிய அண்ணாச்சிக்கும், டயாலிசிஸ் செவிலியர்களுக்கும், துஷ்டி கேட்க இழவு வீட்டுக்கு வந்து உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஜெயா அத்தைக்கு நன்றி சொல்லப் போனேன். "என்னால ஒண்ணும் செய்ய முடியலியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு முகம் பார்க்கச் சொல்லித் தந்தது அவர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

— மகள்