தோள் நரம்பும் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியும்

புளி உலுக்க ஏறியபோது கிளை முறிந்து விழுந்தேன். எலும்பு தப்பித்தது. வலது கை மட்டும் தோளிலிருந்து உயிரில்லாமல் தொங்கியது. செங்கத்தில் பார்த்த டாக்டர், நரம்பு அறுந்திருக்கும் என்று நகரத்திலிருந்த நரம்பு அறுவை டாக்டரிடம் அனுப்பினார்.

அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கால்லேர்ந்து நரம்பு எடுத்து இங்க வெச்சுத் தைக்கணும். தள்ளிப்போட்டா தசை செத்துடும், அப்புறம் தைச்சும் பிரயோஜனம் இல்ல" என்றார்.

என் மனைவி எங்கள் மலையில் சாமை அரைக்கும் ஆலையில் வேலை செய்கிறாள். ஆலை எடுத்துத் தந்த காப்பீட்டில் நானும் உண்டு. ஆனால் அந்த நரம்பு டாக்டர் இருந்த ஆஸ்பத்திரி காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள இடத்துக்குப் போகச் சொல்லி மறுத்துவிட்டார்கள்.

எனக்கு அதோடு மனசு விட்டுப்போனது. ஒரு கையோடு இருந்துவிடலாம் என்றேன். அவள் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறிப்போனாள். பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். ஒரு இடத்தில் எலும்பு மட்டும்தான் பார்ப்பார்களாம். இன்னொரு இடத்தில் நரம்பு டாக்டர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். எங்குமே இந்த அறுவை சிகிச்சை இல்லை.

பிறகு ஸ்பீக்கரில் போட்டுக் காப்பீட்டுக் கம்பெனிக்குப் பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லிஸ்ட்ல இருக்கற எடத்துக்குத்தாம்மா போகணும்."

"போறோங்க. இந்த ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரில பண்றாங்கன்னு நீங்களே ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கே கூட்டினு போறேன்."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னாங்க, லைன்ல கீறீங்களா?"

"விசாரிச்சுட்டுக் கூப்பிடறேம்மா."

அவர்களே விசாரித்தார்கள். ஏன் தள்ளிப்போடக் கூடாது என்று நரம்பு டாக்டரிடமும் எழுதி வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். மறுபடியும் மறுத்தார்கள், அவள் மறுபடியும் பேசினாள். கடைசியில், பட்டியலில் வேறு வழி இல்லாததால் அனுமதிக்கிறோம் என்று செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு, "துணிய எடுத்து வெய்யி, காலைல பஸ்ஸு" என்றாள். அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சை முடிந்தும் பல மாதங்கள் கை அப்படியே கிடந்தது. தைத்த நரம்பு பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வலது முழங்கை தானாகக் கொஞ்சம் மடங்கியது. அவளைக் கூப்பிட்டேன். நம்பாமல், "இன்னொரு தபா மடக்கு" என்றாள். மடக்கினேன். அப்போதுதான் அவள் அழுதாள்.

விரல்களுக்கு இன்னும் முழுப் பலம் வரவில்லை. மரம் ஏறுவதில்லை. சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன், கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.