பூவளைவின் இடப்பக்கம் நின்றவர்

எங்கள் கட்டடத்து லிஃப்றுக்குள் சோபா போகும், கட்டில் போகும், ஒருமுறை முழுக் குளிர்சாதனப் பெட்டியே போனதைக் கண்டிருக்கிறேன். மூங்கில் போகாது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவளுடைய தம்பியும் இரண்டு ஆள் நீளமுள்ள இரண்டு மூங்கில்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஒன்பது மாடியும் படியால் ஏறி வந்தார்கள். நான் உடுப்புக் கூடையோடு நின்று வாய் பார்த்தேன். ஏப்ரல் மாதம். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஊத்தைப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. "உவையள் இஞ்சை கொட்டில் போடப் போகினமோ?" என்று இவர், என் வீட்டுக்காரர், கேட்டார். அன்று பின்னேரமே சுவருக்கு அந்தப் பக்கத்தில் சத்தம் தொடங்கிவிட்டது. டக் டக், சடார். டக் டக், சடார்.

சத்தம் போடவேண்டாம் என்று சொல்லத்தான் மூன்றாம் நாள் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவள் நெனிற்றா. பிலிப்பைன்ஸ்காரி. இரண்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருந்தும் அதுவரை சிரித்துவிட்டுப் போவதோடு சரி. என் ஆங்கிலம் அப்போது வேலையிடத்துக்கு மட்டும் போதுமான ஆங்கிலம். நிலத்தைக் காட்டி "நொய்ஸ்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம், சத்தம்தான் முக்கியம், சத்தம் பிழைத்தால் கால் அகப்பட்டுவிடும் என்று விளக்கிக்கொண்டே என்னைக் கையில் பிடித்து இழுத்துப்போய் இருத்தி, ஒரு தட்டில் நூடில்ஸ் போட்டுத் தந்தாள். அதற்குள் சின்னச் சின்ன இறால் கிடந்தது. அன்று வெள்ளிக்கிழமை, நான் விரதம். தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நிமிர்ந்தபோதுதான் கண்டேன், மூங்கில்களுக்கு நடுவில் வெறுங்காலோடு துள்ளிக்கொண்டிருப்பது என் மகள் தர்சினி. நெனிற்றாவின் மகள் மரிசெல்லோடு கணக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்.

அந்த ஆட்டத்துக்குத் தினிக்கிளிங் என்று பெயர். இரண்டு பேர் எதிரெதிரே குந்தியிருந்து, மூங்கில்களை இரண்டு தரம் நிலத்தில் அடித்து மூன்றாம் தரம் ஒன்றோடொன்று மோதுவார்கள். அந்த இடைவெளிக்குள் காலை வைத்து எடுக்க வேண்டும். வயலில் பொறிக்குத் தப்பி நடக்கும் ஒரு பறவையின் நடை அது என்று நெனிற்றாவின் தம்பி றோமி சொன்னார். தர்சினி பதினொரு வயதில் கனடாவுக்கு வந்தவள். ஊரில் பொம்பர் விமானச் சத்தத்துக்குப் பங்கர்க் குழிக்குள் ஓடி வளர்ந்த பிள்ளை. இங்கே வந்த பிறகும் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். அந்தப் பிள்ளை, தடி மோதுகிற சத்தத்துக்கு நடுவில் நின்று சிரித்தாள். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். பெற்றவர்களால் இரண்டு வருடம் முடியாததை இந்த இறால் நூடில்ஸ்காரர் இரண்டு தடியால் செய்துவிட்டார்கள் என்ற ஆத்திரம்.

பிறகுதான் நெனிற்றாவின் கதை எனக்குத் தெரியவந்தது. அவள் பிள்ளை பார்க்கிற வேலைக்கென்று வந்தவள். தன் மகளை மூன்று வயதில் ஊரில் தன் தாயிடம் விட்டுவிட்டு, இந்த நகரத்துப் பெரிய வீடொன்றில் வேறு யாருடைய பிள்ளைகளையோ ஆறு வருடம் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்தியவள். பிறகு மரிசெல்லை இங்கே கூப்பிட்டு எடுத்தபோது, விமான நிலையத்தில் அவள் தாயை மட்டுக்கட்ட முடியாமல், கூட்டி வந்த மாமன் றோமியின் பின்னால் போய் ஒளிந்தாளாம். இதைச் சொல்லும்போதும் நெனிற்றா சிரித்தாள். எங்கள் சனத்துக்கு இந்தக் கதையெல்லாம் தேவையில்லை. "அதுகளுக்கு எந்த நேரமும் ஆட்டமும் பாட்டும்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நாங்கள் மட்டும் ஏதோ ஸ்காபரோவில் தவம் இருக்க வந்தவர்கள் மாதிரி.

மே மாதம் முழுக்க அவர்கள் மாதாவுக்குப் பூ வைப்பார்கள். கடைசி ஞாயிறு சந்தாக்குரூசான் என்ற ஊர்வலம். தொலைந்த சிலுவையைத் தேடிக் கண்டெடுத்த ஒரு மகாராணியின் நினைவாக, குமர்ப்பிள்ளைகள் ஆளுக்கொரு ராணியாக உடுத்து, தலைக்கு மேல் பூவளைவோடு நடப்பார்கள். வளைவின் இரண்டு பக்கக் கம்பையும் அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர் பிடித்துக்கொண்டு வருவது வழக்கம். அதில் பைபிளில் வரும் ஷீபா ராணியாக நடக்கத் தர்சினியைத் தரும்படி நெனிற்றா கேட்டாள். ஷீபா ராணி கறுப்பி, தர்சினிக்கு நல்ல பொருத்தம் என்று அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். இதே நிறத்தை எங்கள் ஆட்கள் "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு, என்ன?" என்று செத்தவீடு விசாரிக்கிற குரலில் சொல்வார்கள். இவள் அதற்கு முடி சூட்டுகிறேன் என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் தர்சினி பெரியபிள்ளையாகியிருந்தாள். இவருடைய தமக்கை, என் மச்சாள், சாமத்தியவீட்டை, அந்தப் பூப்புச் சடங்கை, எப்படிச் செய்வதென்று அப்போதே தீர்மானித்துவிட்டார். மண்டபம், பல்லக்கு, வீடியோ, நீளக் கார். நான் மாட்டேன் என்றேன். எங்கள் சடங்கில் தண்ணீர் வார்ப்பவன் தாய்மாமன். தர்சினிக்குத் தாய்மாமன் ஒரே ஒருவன், என் தம்பி சேந்தன். கொழும்புக்கென்று யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டவனை வவுனியாவில் ஆமி பஸ்ஸால் இறக்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. நான்கு வருடம். ஊரில், கோப்பாயில் அம்மா இன்றைக்கும் அவனுடைய சேட்டுகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்து வைக்கிறார்.

"தாய்மாமன் இல்லையெண்டா ஆரும் ஒரு தம்பி முறைக்காரனை நிப்பாட்டலாம். உமக்கு ஏன் உந்தப் பிடிவாதம்?" என்றார் மச்சாள். "இருக்கிறவன் எண்டா நாலு வருசத்திலை ஒரு துண்டுக் கடிதம் வராதே?"

அன்றைக்கு ரெலிபோனை அடித்து வைத்தவள்தான், அதோடு மச்சாளோடு கதை நின்றது. தம்பியின் இடத்தில் இன்னொருவனை நிற்கவைத்தால், அவன் செத்துப்போனான் என்று நானே மண்டபம் எடுத்துச் சொன்ன மாதிரி. அவனைப் பிடித்தவர்கள் ஒரு பதிலும் சொல்லாமல் இருக்கும்போது, அவர்களுக்காக நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

ஊர்வல நாள் வந்தது. ஷீபா ராணிக்கு எப்படி உடுப்பது என்று நெனிற்றா கேட்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சொல்லியிருந்தேன். ஒரு குமர்ப்பிள்ளையைச் சோடித்து நாலு பேருக்கு முன்னால் நடத்த எனக்குத் தெரிந்தது ஒரே விதம்தான். சிவப்புப் பட்டு, என் அட்டியல், ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, பின்னலுக்கு மேல் பூ. நெனிற்றா அதற்கு மேல் ஒரு கிரீடத்தை வைத்து, கையில் ஒரு நகைப்பெட்டியையும் கொடுத்தாள். இவருக்கு ஞாயிறும் வேலை. ஆகவே வளைவின் வலப்பக்கக் கம்பை நான் பிடித்தேன். இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை. கேட்காமலே றோமி வந்து பிடித்தார். மற்றப் பிள்ளைகள் வெள்ளையும் இளநீலமுமாக நீளக் கவுண் போட்டு வந்தார்கள். பின்னால் மெழுகுதிரிகள், செபமாலைப் பாட்டு, இரண்டு ட்ரம்பெற், ஒரு மேளம். தேவாலய வாசலில் இருந்து கென்னடி வீதி நடைபாதையால் ஒரு சுற்று. மூலையில் நாயோடு நின்ற வெள்ளைக்காரக் கிழவி, கல்யாணமா என்று கேட்டாள். இல்லை, ராணி என்றேன். எத்தனை வயது என்றாள். பதின்மூன்று என்றேன். பொலிசைக் கூப்பிடுவோமா என்று அவள் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. ஒன்றும் அறியாத அவளுக்கே அது ஒரு சடங்காகத்தான் தெரிந்தது என்றால், அறிந்தவர்களுக்கு என்னவாகத் தெரியும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. தர்சினி தலையை நிமிர்த்தி நடந்தாள். நான் அதை மட்டும்தான் பார்த்தேன்.

எங்களைத் தாண்டிப்போன பஸ்ஸுக்குள் மச்சாள் இருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து நகையைக் கழற்ற முதல் ரெலிபோன் அடித்தது. "பிள்ளைக்குச் சடங்கு செய்துபோட்டு, சொந்த மாமி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுவும் வேதக் கோயிலிலை. பண்டி இறைச்சி சாப்பிடுற சனத்தோடை. ரோட்டு ரோட்டாக் கொண்டு திரிஞ்சனீர்." அது சடங்கில்லை மச்சாள், அவர்களுடைய பெருநாள் என்று நான் மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் அவர் கேட்கவில்லை. பட்டைக் கண்டவர், அட்டியலைக் கண்டவர், வளைவைக் கண்டவர். பிறகு குரலைத் தணித்து ஒன்று கேட்டார்.

"சரி, தாய்மாமனுக்கு ஆரை நிப்பாட்டினனீர்?"

அந்தத் தணிந்த குரல்தான் என்னைக் கொளுத்தியது. எத்தனை மாதமாக அவர் எதிர்பார்த்திருந்த பதில் அது. சேந்தன் இல்லை என்று என் வாயால் வரவேண்டும்.

"தாய்மாமன்தான் நிண்டவர்," என்றேன். "இடப்பக்கக் கம்பைப் பிடிச்சுக்கொண்டு வந்தவர். பஸ்ஸுக்குள்ளை இருந்து பாக்கேல்லையோ?"

அவர் அடுத்ததைக் கேட்க முதல் வைத்துவிட்டேன். அன்று முழுவதும் எனக்கு நல்ல பசி எடுத்தது. நெனிற்றா வீட்டில் இறாலோடேயே மூன்று தட்டு நூடில்ஸ் சாப்பிட்டேன்.

மச்சாளைச் சமாதானப்படுத்த இவர் ஒரு வழி வைத்திருந்தார். "இஞ்சை பாரும், கோடை விடுமுறையிலை சின்னனா ஒண்டைச் செய்துவிடுவம். அக்காவும் ஆறிப்போவா." தர்சினி கேட்டுக்கொண்டு நின்றாள். "நோ அப்பா. ஐ ஆல்ரெடி டிட் இற். அம்மா பிடிச்சவ, றோமி அங்கிள் பிடிச்சவர். திருப்பிச் செய்ய இது என்ன நாடகமே?" என்றாள். அவள் இவ்வளவு நீளமாகத் தகப்பனோடு கதைத்ததே கிடையாது. இவர் பேப்பரை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். நானும் வெற்றி என்று நினைத்தேன். அடுத்த கிழமையே கொழும்புக்குப் போன ஒருவரிடம் ஊர்வலத்தில் வளைவோடு எங்கள் மூன்று பேரையும் எடுத்த படமொன்றை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். பிள்ளையின் கோலத்தை அவர் பார்க்கட்டும் என்று மட்டும்தான். அவசரத்தில் விளக்கமாக ஒன்றும் எழுதவில்லை.

இதை ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். இங்கே நாங்கள் கோபத்தில் எறிகிற ஒரு சொல் எங்கே போய் விழும் என்று எங்களுக்குத் தெரியாது. ஊரில் என்றால் பொய் சொன்னால் மூன்று வீடு தாண்ட முதல் யாரும் பிடித்துவிடுவார்கள். இங்கிருந்து போகும் பொய்யைச் செக்பொயின்ரில்கூட ஒருவரும் மறிப்பதில்லை. மச்சாள் என்னோடு கோபம் என்றாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர் இல்லை. கொழும்பில் இருக்கும் தன் பெரியம்மாவுக்குத் தாய்மாமன் நின்ற கதையை ரெலிபோனில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியம்மா கோப்பாய்க்குப் போனவரிடம் சொல்லியிருக்கிறார். செய்தி முதலில் போனது, படம் பின்னால் போனது.

ஒக்ரோபரில் அம்மாவின் கடிதம் வந்தது. அம்மா கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: "சேந்தன் கனடா வந்து சேந்ததை ஏன் எனக்கு மறைச்சனீ? ஆமிக்குப் பயந்து எழுதேல்லையெண்டு எனக்கு விளங்குது. படம் கிடைச்சது. மெலிஞ்சுதான் போனான், மீசையையும் எடுத்துப்போட்டான். எண்டாலும் என்ரை பிள்ளையை எனக்குத் தெரியாதே. கோயிலுக்கு மோதகம் அவிச்சுக் குடுத்தனான். தன்ரை மருமகளுக்கு அவன் முன்னுக்கு நிண்டது எனக்குப் போதும். உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. அவனை ஒரு வரி எழுதச் சொல்லு."

அன்றிலிருந்து எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. மச்சாள் மேல் கோபம். தம்பியைப் பஸ்ஸால் இறக்கியவர்கள் மேல், அவனைக் கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் போடாத அலுவலகங்கள் மேல், ஒரு படத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற அம்மா மேல்கூடக் கோபம். எல்லாவற்றையும் விட என் வாய் மேல். சேந்தன் இல்லை என்று நான்கு வருடம் ஒருவரையும் சொல்லவிடாமல் காத்ததை நானே சொல்ல வேண்டிய இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது அது. "அம்மா, அது பக்கத்து வீட்டுக்காரர்" என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன், கிழித்தேன். இதுவரை ஏழெட்டுத் தரம் கிழித்துவிட்டேன்.

நேற்றுக் காலை பஸ் தரிப்பில் றோமி நின்றார். உங்கள் அம்மாவுக்குப் படம் கிடைத்ததா, பிடித்திருந்ததா என்று கேட்டார். பிடித்திருந்தது, உங்களைத்தான் விசாரித்து எழுதியிருக்கிறார் என்றேன். அவருக்குப் பெரிய சந்தோசம். தன்னுடைய வணக்கத்தையும் எழுதச் சொன்னார். பஸ் வந்தது. அவர் முன் சீற்றில் இருந்தார், நான் பின்னால் இருந்தேன். கென்னடி வீதி முழுக்க அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் அவர் கழுத்தைச் சரித்துச் சொறிந்தபோது, "தம்பி" என்று என் வாய் திறந்துவிட்டது. நல்லகாலம், சத்தம் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு தரிப்பு முன்னாலேயே மணியை அடித்து இறங்கிவிட்டேன்.