பேர் வெட்டாத தாம்பாளம்

கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதிவிட்டு, பழைய சேலைத் துண்டால் வட்டம் வட்டமாகத் துடைப்பார். கடை முதலாளி வாங்கிவைத்த நீலத் தண்ணீரை மங்கையற்கரசி தொடுவதே இல்லை. "உது மணக்குது. என்ரை மூச்சுக்கு என்ன குறை?" அவர் துடைத்த கண்ணாடியில் குந்தப்போன இலையான் சிறகடித்தும் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தது என்று கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கதை. கண்டவர்களும் இருக்கிறார்கள்.

கணவரின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. 'இவர்' என்பார். விடாமல் கேட்டால், "சிதம்பரத்திலை ஆடுறவற்றை இடம்" என்பார். குடிவரவு அதிகாரிக்கும் அதையே சொல்லப்போய், கணவரின் தொழில் நடனம் என்று பதிவாகிவிட்டது. கணவர் தில்லையம்பலம் உண்மையில் ஊரில் கூட்டுறவுச் சங்க மனேஜர். எண்பத்தைந்தாம் ஆண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினார். பஸ் திரும்பி வந்தது.

இப்போது எண்பத்தேழாம் ஆண்டு; அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மோர்னிங்சைட்டில் இருக்கும் தம்பி இராஜரட்ணம் முந்தநாள் போன் எடுத்தார். "அக்கா, ஐயரோடை கதைச்சிட்டன். வாற ஞாயிறு அத்தாருக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்து முடிப்பம். எத்தினை நாளைக்கு உந்தப் பொட்டோடை..."

"ஞாயிறு எனக்கு ஓவர்டைம்."

அவர் வேலை செய்கிற பழம்பொருள் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு.

கடைக்குப் புதிதாக வந்த ஒரு பித்தளைத் தாம்பாளம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பித்தளையைக் கீறி, கீறலுக்குள் வெள்ளியை அடித்து இறக்கிய வேலை. தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடும் கொடிகள், அவற்றுக்குள் அரபு எழுத்துகள். சாமான் இறக்குகிற பஸ்ரியன், முதலாளி வாடிக்கைக்காரருக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"டமஸ்கஸ் பக்கத்து முஸ்லிம் ஆக்கள் செய்ததாம், அக்கா. அந்தக் காலத்து வெனிஸ் பிரபுமாருக்கு உதிலை பைத்தியம். ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது, எண்டாலும் மேசையிலை உது இருக்கவேணும்."

"உங்களுக்கு இங்கிலீசுப் பேப்பர் மாதிரி."

பஸ்ரியன் சிரித்தார். மங்கையற்கரசி குனிந்து பார்த்தார். தாம்பாளத்தின் நட்ட நடுவில், கேடய வடிவில் ஒரு இடம் ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது.

"இதென்ன மொட்டையாக் கிடக்கு?"

"வாங்கிறவன்ரை குடும்ப அடையாளம் வெட்ட விட்ட இடம். வெனிசுக்குக் கொண்டுபோய் வெட்டுவிப்பினமாம். உதை வாங்கினவன் மறந்துபோனான்."

ஊரில் மங்கையற்கரசியின் வீட்டு ஏனங்கள் எல்லாவற்றிலும் 'தி' என்று ஒரேயொரு எழுத்து வெட்டியிருந்தது. கலியாண வீட்டுக்கு இரவல் போன அண்டா, அந்த எழுத்தைக் கொண்டுதான் வீடு திரும்பும்.

"மறக்கேல்லைத் தம்பி," என்றார். "ஆள் இன்னும் வரேல்லை."

பஸ்ரியன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மங்கையற்கரசி கண்ணாடியில் ஊதினார். அந்த வெற்றிடத்துக்கு நேரே, விரலால் 'தி' என்று எழுதினார். மூச்சு காய, எழுத்தும் மறைந்தது. மறுபடி ஊதினார். எழுத்து வந்தது. அதைத் துடைக்காமல், சேலைத் துண்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.